இருபத்திரண்டாவது நிமிடம்

கால் இடிக்கிறதா, தம்பி? இடித்தால் சொல்லுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். கனம் ஒன்றும் இல்லை, பலகைதான். சேலத்தில் ஏறும்போது கண்டக்டர் மேலே போடச் சொன்னார். மேலே போட்டால் யாராவது பெட்டியைத் தூக்கி இதன் தலையில் வைத்துவிடுவார்கள். வேப்பம்பலகை. நானே இழைத்தது.

லேப்டாப் வைப்பதற்கு. பெங்களூரில் என் மகள் மேகலா இருக்கிறாள், அவளுக்கு. இந்தத் துளையெல்லாம் காற்றுக்கு. நாற்பத்தெட்டுத் துளை. அவளுடைய லேப்டாப் பத்து நிமிடம் பேசினால் அணைந்துவிடுகிறது. மெத்தைமேல் வைத்தா பேசுகிறாய் என்று கேட்டேன். ஆமாம்ப்பா என்றாள். அங்கேதான் கோளாறு. சொன்னால் கேட்க மாட்டாள், கையில் கொடுத்தால் வைத்துக்கொள்வாள். அதனால் நேரே கொண்டுபோகிறேன். நான் வருவது அவளுக்குத் தெரியாது.

நீங்கள் ஓசூரா? நல்லது, நேரம் இருக்கிறது. எனக்காகக் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டீர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், சார்ஜ் வீணாகும்.

சுற்றியிருக்கிற துணியா? அது என் கம்ப்யூட்டரின் உறை. இனிமேல் அதற்கு வேலை இல்லை. பலகையில் கீறல் விழக் கூடாதே என்று சுற்றிக்கொண்டு வந்தேன். கத்தரிப்பூ நிறம், அரக்குக் கரை. என் மனைவி தனபாக்கியம் தன் புடவையைக் கிழித்துத் தைத்தது. தையலைப் பாருங்கள். மிஷின் தையல் இல்லை, கைத்தையல்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் இருந்தேன். எடைமேடையில் முப்பத்தொரு வருடம். கரும்பு லாரி வந்து நிற்கும், எடை எழுதுவேன். கொட்டிவிட்டு வெறும் லாரியாக வரும், மறுபடி எழுதுவேன். கழித்தால் கரும்பு. அவ்வளவுதான் வேலை. கடைசிப் பத்து வருடம் அங்கே கம்ப்யூட்டர் வைத்தார்கள். ரிப்பேர் செய்ய வருகிறவர் பக்கத்திலேயே நின்று நின்று பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற மாதமே சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் சாமான் வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜைமேல் பரப்பி நானே பூட்டினேன். நான்கு நாள் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

"ஏங்க, இது ஓடுமா, இல்ல நீங்க செஞ்ச ரேடியோ மாதிரியா?" என்பாள் தனபாக்கியம்.

ஓடியது, தம்பி. முதல் தடவையே ஓடியது. அவள் கையில் கரண்டியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "சரி, இனிமே மேஜையை விடுங்க" என்றாள். அந்த வாரம்தான் இந்த உறையைத் தைத்தாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. மிக்ஸிக்கு, டிவிக்கு, தையல் ஊசி டப்பாவுக்குக்கூட. அவளுக்குத் தூசி ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேகலா அதில் முகம் காட்டிப் பேசுவாள். அந்த நேரம் மருமகன் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவார். தாயும் மகளும் பேசுவார்கள், பேசுவார்கள், அப்படி ஒரு பேச்சு. ஒன்றரை மணி நேரம். ஒரு நாளும் அணைந்தது இல்லை. நான் பின்னால் நின்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். நான் கட்டிய மிஷின் ஓடுகிறதா என்பதுதான் எனக்கு.

போன வருடம் ஆடி மாதம் தனபாக்கியம் போய்விட்டாள். நெஞ்சு வலி. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மறுநாள் நான் மட்டும் வந்தேன். சரி, அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி.

காரியம் எல்லாம் முடிந்து மேகலா பெங்களூர் போனாள். முதல் ஞாயிறு பத்தரைக்கு நான் உட்கார்ந்தேன். அவள் வந்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன். நீ?"

"இனிமேதான். அங்க மழையாப்பா?"

"இல்ல. அங்க?"

"லேசா."

அதோடு தீர்ந்தது. தனபாக்கியம் என்னதான் அவ்வளவு பேசினாளோ. நான் மானிட்டரைத் துடைத்தேன். அவள் தலைமுடியைக் கட்டினாள், அவிழ்த்தாள். அப்புறம் பட்டென்று இருட்டு. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. விசிறி நின்றுவிட்டது. மணி பார்த்தேன், பத்து ஐம்பத்திரண்டு.

என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் அவளே கூப்பிட்டாள். "என்னப்பா ஆச்சு?" "ஆஃப் ஆயிடுச்சும்மா." "சரிப்பா, அடுத்த வாரம் பேசலாம்."

அடுத்த வாரமும் அணைந்தது. அதற்கடுத்த வாரமும். இருபது நிமிடம், இருபத்து நான்கு, பெரும்பாலும் இருபத்திரண்டு. நோட்டுப் போட்டு எழுதினேன். தேதி, போட்ட நேரம், அணைந்த நேரம். எழுதாமல் எனக்கு முடியாது.

முதலில் எஸ்எம்பிஎஸ்மேல் சந்தேகம். அதுதானே மிஷினுக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி. புதியது மாட்டினேன். மேஜைமேல் திறந்து வைத்து இரண்டு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டினேன். அணையவே இல்லை. சரியாகிவிட்டது என்று மூடி, திருகு முடுக்கி, பழைய இடத்தில் வைத்து, உறையை மாட்டினேன். ஞாயிறு வந்தது. இருபத்திரண்டாவது நிமிடம், இருட்டு.

பிறகு ராம் மாற்றினேன், மிஷினின் நினைவகச் சில்லு. திறந்து ஓட்டினேன், ஓடியது. மூடினேன், அணைந்தது. சூடோ என்று பிராசசருக்குச் சூட்டைக் கடத்துகிற புதுப் பசை வைத்தேன். பெரிய விசிறி போட்டேன். பின்பக்கம் இன்னொரு விசிறியும் போட்டேன். மேஜைமேல் சிங்கம் மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை அணையும்.

ஒன்று சொல்ல வேண்டும். மேகலாவுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் என்று எனக்கு அதுவரை தெரியாது. "இந்த வாரம் என்னப்பா மாத்தினீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் சொல்வேன். "அப்ப ராம் இல்லையா?" "இல்லம்மா." "பசையை எவ்வளவு வெச்சீங்க? பட்டாணி அளவுதான் வெக்கணுமாம்ப்பா, படிச்சேன்." அலுவலகத்தில் எவரையோ கேட்டு எழுதி வைத்திருப்பாள். நான் நோட்டைக் கேமரா முன்னால் பிடிப்பேன், அவள் ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். பேசிக்கொண்டே இருக்கும்போது இருட்டாகிவிடும். உடனே போனில், "பாருங்க, மறுபடியும்!" என்று சிரிப்பாள். நல்ல அறிவு. கோளாறு இருந்ததனால்தான் அது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற மணிவண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார்.

"ஐயா, உங்க கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல. இங்க ஜோரா ஓடுது. உங்க வீட்டுக்குத்தான் கோளாறு."

"வீட்டுக்கு என்னப்பா கோளாறு?"

"எர்த்தைப் பாருங்க. இல்லன்னா யாராவது கண்ணு வெச்சிட்டாங்களான்னு பாருங்க. ரெண்டுல ஒண்ணு."

கிண்டல்காரர். ஆனால் எர்த் பார்த்தேன். கொல்லையில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, புதுக் கம்பி இறக்கி, தண்ணீர் ஊற்றினேன். பிளக் மாற்றினேன். யூபிஎஸ் மாற்றினேன். வீடே புது வயரிங். இதிலேயே பத்து மாதம் போயிற்று. மேகலாவுக்கு வாராவாரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எர்த் குழியின் ஆழத்தைக்கூடக் கேட்டாள்.

இந்த ஆடியில் தனபாக்கியத்துக்கு வருடத் திதி வந்தது. மேகலாவுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்சவேணிதான் சமைத்துக்கொடுத்தது. மறுநாள் ஞாயிறு. பாத்திரம் வாங்கிப்போக வந்தது. நான் மகளோடு பேச உட்கார்ந்திருந்தேன், இன்னும் கூப்பிடவில்லை. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்சவேணி வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

"என்னண்ணா, சட்டையைப் போட்டுக்கிட்டே ஓடுது?"

"எது?"

"அதாண்ணா, பொட்டி. அக்கா மொத வேலையா அதைக் கழட்டி மடிச்சு வெச்சிட்டுத்தானே உங்களைக் கூப்பிடுவாங்க? மூச்சு முட்டிப்போயிடும்னு சொல்வாங்க. பேசி முடிச்சு, பொட்டி ஆறின பொறகுதான் திரும்பப் போடுவாங்க. நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

நான் அதைப் பார்த்ததே இல்லை, தம்பி. ஒன்பது வருடம். நான் போய் நிற்கும்போது மிஷின் தயாராக இருக்கும், தட்டில் சோறு இருக்கிற மாதிரி. அவள் போன பிறகு நான் என்ன செய்தேன்? முன்பக்கத் துணியைக் கொஞ்சம் தூக்கி ஸ்விட்சை அழுத்திவிட்டு விட்டுவிடுவேன். பின்பக்கம் நாடா இருக்கிறது பாருங்கள், இந்த முடிச்சு. ஆஸ்பத்திரி போகிற அன்று காலையில் அவள் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க வேண்டாம் என்று, ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் உறையை அப்படியே மேலே உருவி எடுத்து, வேலை முடிந்ததும் அப்படியே மாட்டிவிடுவேன். இப்போதும் அவிழவில்லை. விசிறி இரண்டு போட்டேனே, இரண்டும் சூட்டை இந்தப் புடவைமேல்தான் ஊதியிருக்கின்றன.

எங்கள் எடைமேடையில் முதல் விதி என்ன தெரியுமா? டிரைவர் இறங்கினால் இரண்டு தடவையும் இறங்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு தடவையும் உட்கார வேண்டும். சுமையோடு எடை போடும்போது உள்ளே உட்கார்ந்துவிட்டு, வெறும் லாரி எடை போடும்போது டீ குடிக்கப் போனால், ஓர் ஆள் எடை கரும்பாகிவிடும். எத்தனை டிரைவரை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! நானே அதைச் செய்திருக்கிறேன். மணிவண்ணன் கடைக்கு மிஷினைத் தூக்கிப் போனேன், உறையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அங்கே எப்படி அணையும்?

அன்றைக்கே உறையை உருவி எடுத்துவிட்டுப் பேசினேன். இருபது நிமிடம் ஆயிற்று, இருபத்திரண்டு ஆயிற்று, இருபத்தாறு ஆயிற்று. அணையவில்லை. மேகலா மணியைப் பார்த்தாள்.

"இன்னும் ஆஃப் ஆகலையேப்பா."

"இனிமே ஆகாதும்மா." அம்சவேணி சொன்னதைச் சொன்னேன். உங்கம்மா ஒவ்வொரு ஞாயிறும் கழற்றி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவள் அப்படியே இருந்தாள். படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். "ஹலோ, கேக்குதாம்மா? ஹலோ?" என்று கத்தினேன். அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆகவே படம் நிற்கவில்லை. ஒலிதான் வரவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் பேசறேன்ப்பா" என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றிலிருந்துதான் அவள் பக்கம் கோளாறு. "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன். நீ?" "கம்ப்யூட்டர் நல்லா ஓடுதாப்பா?" "ஓடுதும்மா." அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது, ஓடுகிற மிஷினைப் பற்றி? பதினைந்தாவது நிமிடம் "லேப்டாப் சூடாகுதுப்பா" என்றாள், அணைந்தது. அடுத்த வாரம் பதினொன்று. பிறகு எட்டு. போன வாரம் ஆறு நிமிடம். எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது, பாருங்கள். என் மிஷின் ஒன்றரை மணி நேரம்கூட ஓடத் தயார், அவள் லேப்டாப் ஆறு நிமிடம் தாங்கவில்லை. ஒரே நோய் அப்பாவிடமிருந்து மகளுக்குப் போன மாதிரி. சிரிக்காதீர்கள், மெத்தையும் உறையும் ஒன்றுதான். காற்று அடைபட்டால் எல்லாம் அணையும்.

அதனால்தான் இந்தப் பலகை. இன்றைக்கு ஞாயிறு, மத்தியானம் போய்ச் சேர்ந்துவிடுவேன். வைத்துக் காட்டிவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம். தங்குகிற உத்தேசம் இல்லை. துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், சும்மா.

தொப்பூர் தாண்டிவிட்டோமா? இனிமேல் தருமபுரிதான்.

இருங்கள், போன் அடிக்கிறது. மேகலாதான். மணி பத்து முப்பத்தைந்து. அடடா, பத்தரைக்கு நான் அங்கே இல்லையே! என்ன சொல்வது? பஸ்ஸில் இருக்கிறேன் என்றால் தெரிந்துவிடும்.

"ஹலோ. ஆமாம்மா. இல்ல, வந்து... ஆஃப் ஆயிடுச்சும்மா. ஆமா, மறுபடியும்.

"இல்ல, உறை போடல. கழட்டித்தான் இருக்கு.

"சத்தமா? அது வெளியில, ரோடு போடறாங்க.

"ஓடுது, ரெண்டு ஃபேனும் ஓடுது. தொட்டுப் பாத்தேன், சூடு இல்ல. எஸ்எம்பிஎஸ்ஸா? போட்டு ஒரு வருஷம்கூட ஆகலியேம்மா. இருக்கலாம், இருக்கலாம். கெப்பாசிட்டர் உப்பியிருக்கும்ங்கிறியா? திறந்து பாக்கணும்.

"என்னது? அந்த உறையா? கத்தரிப்பூ கலரும்மா. அரக்குக் கரை. ஆமா, உன் காது குத்துக்கு எடுத்தது. உனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னாளா? உன்கிட்ட சொன்னது எனக்குத் தெரியாதே. இல்லம்மா, தூக்கிப் போடல. பத்திரமா இருக்கு. என்கிட்டதான் இருக்கு.

"சொல்லு. ம். ம். அப்படியா சொன்னா? என்னைப் பத்தியா? சொல்லு, கேக்கறேன்."

மன்னிக்க வேண்டும் தம்பி, உங்களை நடுவில் விட்டுவிட்டேன். என்ன நேரம்? பத்து ஐம்பத்தொன்பது. இருபத்து நான்கு நிமிடம்! எழுதிவிடுகிறேன், மறந்துவிடும். போனில் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அவள் அம்மா அவளிடம் என்னைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். நான் பூட்டிய மிஷின் முதல் தடவை ஓடியபோது நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனாம். கவனித்திருக்கிறாள். கரண்டியோடு நின்றாள் என்றேனே, அப்போது.

மேகலா சொல்கிறாள், "எதையும் நீங்களா கழட்டாதீங்கப்பா. அடுத்த ஞாயிறு நான் கேக்கக் கேக்க ஒவ்வொண்ணா பாக்கலாம், முதல்லேர்ந்து." முதலிலிருந்து, தம்பி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து.

இது என்ன, தருமபுரி பஸ் ஸ்டாண்டா? நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். இல்லை, டிக்கெட் போனால் போகிறது. யோசித்துப் பாருங்கள், நான் அவளிடம் பொய் பேசியதே கிடையாது. அணைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மிஷின் நன்றாக இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவள் கேட்டால் என்ன காட்டுவது? சொன்னபடி அது அணைய வேண்டும் அல்லவா? இங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி, சாயங்காலம் வீட்டில் இருப்பேன்.

பலகையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் லேப்டாப் பை இருக்கிறதே. மெத்தைமேல் வைக்காதீர்கள். அவளுக்கா? அவள் லேப்டாப்புக்கு இப்போது அவசரம் இல்லை, பார்த்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் காலை மடக்குங்கள், இறங்குகிறேன். துணியை மட்டும் கொடுத்துவிடுங்கள், தம்பி. முடிச்சு அவிழாமல் பார்த்து உருவுங்கள். அது எனக்கு வேண்டும்.